வாசல் நிலையில் தொங்கிய நாய் வில்லை

என் புக்ககத்தில் நாய் கிடையாது. இதைச் சொன்னவர் என் மாமனார். நான் ஸ்ரீரங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் மூன்று வருஷத்தில் இதை அவர் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கொல்லையில் கிணற்றடித் துவைகல்லின் நிழலில் அந்த நாய் நாலு காலையும் நீட்டிக்கொண்டு தூங்கும். வெள்ளை நாய். இடது காதும் வால் நுனியும் மட்டும் செங்கல் நிறம். பெயர் கிடையாது. இல்லாத நாய்க்கு எப்படிப் பெயர் வைப்பது?

தினமும் பகல் சாப்பாடு முடிந்து எழுந்ததும் மாமனார் ஒரு பிடி தயிர் சாதத்தை இலைத்துண்டில் வைத்துக்கொண்டு கொல்லைக் கதவடிக்குப் போவார். "இந்தாடா" என்பார். அது தின்று முடிக்கிற வரைக்கும் அங்கேயே நிற்பார். "என்ன, இன்னிக்கு மூஞ்சி வாடியிருக்கு? வெயில்ல அலையாதேன்னா கேக்கறயா?" என்று விசாரணை வேறு. பெற்ற பிள்ளையிடம்கூட அவர் இத்தனை விசாரித்து நான் கேட்டதில்லை. காலையில் அவர் கோயிலுக்குக் கிளம்பினால் அது பத்தடி பின்னால் தெருக்கோடி வரை போகும். அவர் திரும்பி வருகிற வரை அங்கேயே உட்கார்ந்திருக்கும். தெருவுக்கே தெரியும். ஆனால் யாராவது "ஸ்வாமி, உங்காத்து நாய்..." என்று வாயெடுத்தால் போதும், முகம் சிவந்துவிடும். "வாசல்ல ஒரு ஜீவன் நிக்கறது, ஒரு பிடி போடறோம். அதுக்காக நான் நாய் வளர்க்கறேன்னு அர்த்தமா?" என்பார்.

கோயிலில் பெருமாள் முன்னே பாசுரம் சேவிக்கிற கோஷ்டியில் அவர் முன்வரிசைக்காரர். ஆசாரம் என்றால் அப்படி ஓர் ஆசாரம். நாயைத் தொட்டால் தீட்டு. நாயைத் தொட்டவர்களைத் தொட்டாலும் தீட்டு. நாயைத் தொட்டவர்களைப் பார்த்தால் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

எனக்கோ நாய் புதிதில்லை. நான் பிறந்தது மணப்பாறையில். அப்பா சர்க்கார் மாட்டு டாக்டர். சந்தை கூடுகிற நாளில் கைப்பெட்டியை எடுத்துக்கொண்டு போனாரென்றால், வெக்கை நோய் வராமலிருக்க மாடுகளுக்கு ஊசி போட்டுவிட்டு, வேஷ்டியெல்லாம் புழுதியும் சாணியுமாகத் திரும்பி வருவார். எங்கள் வீட்டில் எப்போதும் இரண்டு நாய் இருக்கும். யாராவது நாயைக் கொண்டுவந்தால், அதை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, வாயைத் துணிநாடாவால் கட்டிப் பிடிப்பது என் வேலை. அப்படி வளர்ந்தவளைக் கொண்டுவந்து இந்த வீட்டில் போட்டால் என்ன ஆகும்? நாய் வாலை ஆட்டிக்கொண்டு வரும். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுவேன். மாமியார் சமையலுள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வெறிநாய்க்கடி என்றால் என்னவென்றும் எனக்குத் தெரியும். மணப்பாறையில் எங்கள் தெருவிலேயே ஒரு வண்டிக்காரரை நாய் கடித்தது. மாதம் ஒன்றாகி, எல்லாரும் அதை மறந்தே போன பிறகு, ஒருநாள் தண்ணீர்ச் செம்பைப் பார்த்து அவர் அலறினார். அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "இனிமே இதுக்கு வைத்தியமே கிடையாது" என்று சொல்லிவிட்டு அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அந்த அலறல் மூன்று நாள் கேட்டது. ஆகையால் நாய் விஷயத்தில் வாயை மூடிக்கொண்டு இரு என்றால் என்னால் ஆகாது.

உலக யுத்தம் இரண்டாம் தடவை தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னால், ஒரு கோடையில், கொள்ளிடத்துப் பக்கமிருந்து ஒரு வெறிநாய் ஊருக்குள் வந்தது. எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவருகிற அம்மாளையும் ஒரு கன்றுக்குட்டியையும் கடித்தது. கன்று செத்துப்போயிற்று. கீரைக்காரம்மாள் பாலத்தைத் தாண்டித் தினமும் திருச்சிக்கு நடந்து போய், பதினாலு நாள் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டாள். "வயிறு பலாப்பழமாட்டம் வீங்கிப்போச்சுங்கம்மா, குனிஞ்சு கூடையத் தூக்க முடியலீங்க" என்று எங்கள் வாசலில் வந்து அழுதாள். மாமனார் உள்ளேயிருந்து அதைக் கேட்டு, "ஐயோ பாவம்" என்றார். ஐயோ பாவம் என்று சொல்வதில் அவருக்குக் குறையே கிடையாது.

பிறகு தமுக்கு வந்தது. முனிசிபாலிட்டி ஆள் தெருத்தெருவாக அடித்துச் சொல்லிக்கொண்டு போனான். வீட்டு நாய்களையெல்லாம் திருச்சி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், வெறி வராமலிருக்க ஊசி போட்டுவர வேண்டும். அங்கே ஒரு சீட்டும், எண் போட்ட பித்தளை வில்லையும் தருவார்கள். வில்லையை நாயின் கழுத்தில் கட்ட வேண்டும். அமாவாசைக்கு மறுநாளிலிருந்து, கழுத்தில் வில்லை இல்லாத நாய் எதுவானாலும் பிடித்துக்கொண்டுபோய்க் கொன்றுவிடுவார்கள். அமாவாசைக்குப் பதினைந்து நாள் இருந்தது.

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் மருமகள் மாமனாரிடம் நேரே பேசுகிற வழக்கமில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று மாமியாரிடம் சொல்ல வேண்டும். மாமியார் அதை அவரிடம் சொல்வார். நான் சொன்னது ஐந்தடி தூரத்தில் அவர் காதில் கணீரென்று விழுந்திருக்கும். ஆனாலும் விழாத மாதிரி உட்கார்ந்திருந்து, மாமியார் சொன்ன பிறகுதான் பதில் சொல்வார். ஒரு பேச்சு மூன்று பேச்சாகும். எனக்கு அரைப் பேச்சுக்கே பொறுமை கிடையாது.

"நாய்க்கு ஊசி போடணுமாம், சொல்லுங்கோம்மா" என்றேன்.

"நாய்க்கு ஊசி போடணுமாம்" என்றார் மாமியார்.

"யாராத்து நாய்க்கு?" என்றார் மாமனார்.

"யாராத்து நாய்க்குன்னு கேக்கறார்."

"நம்மாத்து நாய்க்குத்தான்னு சொல்லுங்கோ."

மாமியார் இதை வாயால் சொல்லவில்லை. கொல்லைப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

"நம்மாத்துல ஏது நாய்?" என்று சொல்லிவிட்டு மாமனார் விசிறியை எடுத்துக்கொண்டார்.

என் அகத்துக்காரர் திருச்சியில் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. அவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்னா, அந்த நாயைக் கொன்னுட்டா உங்கப்பாவுக்குச் சாதம் இறங்குமா?"

"இறங்காது."

"அப்போ கொண்டுபோங்கோ."

"கொண்டுபோனா நான்தான் நாய் வெச்சிருக்கறவன்னு எழுதிப்பா. எங்க ஆபீஸ்ல ஸ்ரீரங்கத்துக்காரா நாலு பேர் இருக்கா. சாயங்காலத்துக்குள்ள ஊர் பூரா பரவிடும்."

"ஊருக்குத் தெரியாத நாயா அது?"

அவர் குடையைத் தேடுகிற மாதிரி எழுந்து போய்விட்டார். இப்படியே ஏழு நாள் போயிற்று. காலையில் அப்பாவைக் கேட்கிறேன் என்பார். மாலையில் அப்பா சுமுகமாக இல்லை என்பார். மாமனார் சுமுகமாக இருந்தது அந்த நாய்க்குச் சோறு வைக்கிற கால் மணி நேரந்தான். அந்தக் கால் மணியில் என் அகத்துக்காரர் ஆபீஸில் இருந்தார். என் தலையில் எழுதியது இப்படி.

எட்டாம் நாள் நான் கதவுக்குப் பின்னாலிருந்து, மாமியாரிடம் சொல்லுகிற மாதிரி ஊருக்கே கேட்கச் சொன்னேன். "நாளைக்கு நானே குதிரை வண்டி வெச்சுண்டு நாயை அழைச்சுண்டு திருச்சிக்குப் போறேன்மா. யாரும் கூட வர வேண்டாம்." மாமியார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு ஸ்ரீரங்கத்து மருமகள் தனியாக நாயோடு வண்டியில் பாலத்தைத் தாண்டுவதா? என் அகத்துக்காரர் அரைநாள் லீவு எழுதினார்.

மறுநாள் விடியற்காலையில் மாமனார் கோயிலுக்குப் புறப்படும்போது, எங்கள் யாரையும் பார்க்காமல் கூடத்துத் தூணைப் பார்த்துச் சொன்னார். "யாராவது திருச்சிப் பக்கம் போறதா இருந்தா, வெயில் ஏறறதுக்குள்ள திரும்பிடணும். வாயில்லா ஜீவனுக்கு வெயில் ஆகாது." தூண் கேட்டுக்கொண்டது. எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

இரண்டு வண்டிக்காரர்கள் மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவது ஆள் வயதான ராவுத்தர். "நாயா? ஏத்துங்க தாயி. நம்ம குதிரையே அந்த ஆஸ்பத்திரிக்குப் போற ஆளுதான். நாய் பரவாயில்ல, நெருக்குது நெருக்குதுன்னு கத்தாது" என்றார். நான் நாயைப் பழைய வேஷ்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். என் அகத்துக்காரர் முன்பலகையில் ராவுத்தருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, குடையைப் பின்பக்கமாகச் சாய்த்துத் தலையை மறைத்துக்கொண்டார். எங்களுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லையாம்! பாலத்தின் நடுவில் நாய் வாந்தியெடுத்தது. குடை அசையவில்லை.

மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் சின்ன வயசுக்காரர். "யாருங்க இதைப் பிடிச்சுக்கறது? ஆம்பளை யாராச்சும் வாங்க" என்றார். என் அகத்துக்காரர் இரண்டடி எடுத்து வைத்தார், பின்பக்கமாக. நான் தரையில் உட்கார்ந்து, நாயை முழங்காலுக்கு நடுவில் இடுக்கி, வாயைச் சுற்றித் துணிநாடாவை இழுத்து, காதுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டேன். டாக்டர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இதை எங்கம்மா கத்துக்கிட்டீங்க?"

"மணப்பாறைச் சந்தையில."

ஊசியும் சின்ன ஊசியில்லை. விலாப்பக்கத்துத் தோலைத் தூக்கிப் பிடித்து மருந்தை ஏற்றினார். அது ஒரே ஒரு தடவை முனகிற்று. அப்புறம் கட்டிய வாயோடு என் தொடைமேல் முகத்தை வைத்துக்கொண்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒரு நாயைத் தொடுகிறேன்.

பக்கத்து மேஜையில் கம்பவுண்டர் சீட்டு எழுத உட்கார்ந்தார். "சொந்தக்காரர் பேர்?"

"என் பேரை எழுதிக்கோங்கோ" என்றேன்.

"குடும்பத் தலைவர் பேர் வேணும்மா. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா அவர்தான் வந்து பதில் சொல்லணும்."

நான் என் அகத்துக்காரரைப் பார்த்தேன். அவர் வெளியே இருந்த புளியமரத்தைப் பார்த்தார். கம்பவுண்டர் பேனாவைத் தட்டினார். உடனே என் அகத்துக்காரர், ஒப்பிக்கிற பிள்ளையைப் போல, தன் தகப்பனார் பெயரை முன்னே உள்ள பட்டம் பின்னே உள்ள பட்டம் எல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

"ஏன்னா!" என்றேன்.

"குடும்பத் தலைவர் பேரைத்தானே கேக்கறா? அப்பாதானே தலைவர்? அப்பாவுக்குத் தெரியவா போறது?"

அப்போதே அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டு வேறு எழுதச் சொல்லியிருக்க வேண்டும். நாயைப் பிடித்துக்கொண்டு சண்டை போட முடியவில்லை. வெயிலும் ஏறிக்கொண்டிருந்தது. போனால் போகிறது என்று விட்டுவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

வில்லையைத் தோல் பட்டையில் கோத்துக் கழுத்தில் மாட்டி அனுப்பினார்கள். வீடு வந்து சேர்ந்து, கொல்லை வழியாக நாயை விட்டு, நான் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே புயல் கிளம்பிவிட்டது.

"தோலா? பெருமாளுக்குப் பால் குடுக்கற பசு கட்டியிருக்கற இடத்துல செத்த மாட்டுத் தோலா?" என்றார் மாமனார். ஊசி போட்டாயிற்றா, நாய் நன்றாக இருக்கிறதா, ஒரு கேள்வி கிடையாது.

"கோயில் மேளத்துல இருக்கறது என்ன தோல்னு கேளுங்கோம்மா" என்றேன் நான். இதை மாமியார் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. "உங்க பிள்ளை ஆபீஸுக்குப் போட்டுண்டு போற செருப்பு தாழம்பூவா?" என்றும் ஒன்று வைத்திருந்தேன். அதற்குள் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம்மா, உனக்குப் புண்ணியமாப் போறது" என்று கெஞ்சினார். தோல் பட்டை வெளியே போயிற்று. பழைய வேஷ்டிக் கரையைக் கிழித்துப் பின்னி, அதில் வில்லையைக் கோத்துக் கட்டினேன். இதில் என்ன குற்றம் கண்டுபிடிக்க முடியும் என்று நினைத்தேன். எனக்கு அனுபவம் போதாது.

மறுநாள் பார்க்கிறேன், கழுத்தில் வில்லை இல்லை. வாசல் நிலையில், மாவிலைத் தோரணத்துக்குப் பக்கத்து ஆணியில், பளபளவென்று தொங்குகிறது. மாமனார் பால் கறக்க வருகிறவரை விட்டு அவிழ்க்கச் சொல்லி, புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, தன் கையாலேயே மாட்டியிருக்கிறார்.

அவருக்கு அதில் ஒரு நியாயம் இருந்தது. காலரா ஊசி போட வருகிறவர்கள் ஊசி போட்டு முடித்த வீட்டு வாசல் சுவரில் சுண்ணாம்பால் ஒரு குறி போட்டுவிட்டுப் போவார்கள். அடுத்து வருகிறவன் குறியைப் பார்த்துக்கொண்டு அப்படியே நகர்ந்துவிடுவான். யார் நெற்றியிலும் குறி போட்டதில்லையே! அதே மாதிரி இதுவும். "வில்லையைப் படிக்கப் போறவன் மனுஷன். வாசல்ல மாட்டினா வரும்போதே படிச்சுட்டுப் போவான். கொல்லையில இருக்கற நாயோட கழுத்துல கட்டினா எப்படிப் படிப்பான்?"

"கழுத்துலதான் கட்டணும்னு தமுக்கடிச்சுச் சொன்னான்மா!"

"தமுக்கடிக்கறவனுக்கு என்ன தெரியும்?"

அடுத்த நாள் எதிராத்து ஸ்வாமி வந்து எங்கள் நிலையைப் பார்த்துவிட்டு, "ஆஹா, இது உத்தமமான ஏற்பாடு" என்றார். அவர்கள் வீட்டிலும் இல்லாத நாய் ஒன்று உண்டு. நாலு நாளில் எங்கள் தெருவில் ஆறேழு வீட்டு நிலையில் வில்லை தொங்கிற்று. வில்லை இல்லாமல் திரிந்தவை நாய்கள் மட்டுந்தான்.

நான் விடவில்லை. காலையில் நான் கட்டுவேன். பத்து மணிக்கு அது நிலைக்குப் போய்விடும். மறுபடி கட்டுவேன். சாயங்காலம் மறுபடி நிலையில் இருக்கும். அமாவாசையன்று மாமனார் தர்ப்பணம் பண்ணுகிற நாள். நான் மடியுடுத்திச் சமையலில் இருந்தேன், நாய்ப் பக்கம் போக முடியாது. விடிந்ததும் முதல் காரியம் இதுதான் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

விடிந்தது. மாமனார் கோயிலுக்குப் போயிருந்தார். நாயும் வழக்கம்போல அவர் பின்னால் போயிருந்தது. நான் குளித்துவிட்டு வந்து ஆணியிலிருந்து வில்லையை எடுப்பதற்கும், தெருக்கோடியில் அந்தக் குரைப்புக் கேட்பதற்கும் சரியாக இருந்தது. ஈரத்தலையோடு ஓடினேன். எங்கள் தெருவில் ஒரு மருமகள் ஓடி அதுவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

தெருக்கோடியில் மரப்பெட்டி வைத்த வண்டி நின்றது. இரண்டு ஆட்கள், கையில் நீளக் கழி, நுனியில் கம்பிச் சுருக்கு. சுருக்குக்குள் எங்கள் நாயின் கழுத்து. அது நாலு காலையும் தரையில் ஊன்றி இழுத்துக்கொண்டிருந்தது.

"விடுங்கோ! ஊசி போட்ட நாய் அது! இதோ வில்லை!"

கூட நின்ற முனிசிபாலிட்டி மேஸ்திரி வில்லையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கெட்ட மனுஷரில்லை. "கழுத்துல இல்லாத வில்லையை எந்த நாயுதுன்னும்மா நான் எடுத்துக்கறது? அடுத்த தெருவுல ஒரே வில்லையை ரெண்டு நாயிக்குக் காட்டுறாங்க. சரி, பேர்க்காரர் வந்து இது என் நாயின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். விட்டுடறேன்."

"என்னோட நாய்தான். நான் சொல்றேன்."

அவர் மாட்டாஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த பெயர் ஜாபிதாவைப் பிரித்து எண்ணைத் தேடினார். "உங்க பேருல இல்லையேம்மா" என்றார். அப்புறம் என் மாமனாரின் பெயரை, பட்டங்கள் எதையும் விடாமல், ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி உரக்க வாசித்தார்.

வாசித்து முடித்தபோது மாமனார் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். கோஷ்டி முடிந்து எட்டுப் பத்துப் பேராக வந்துகொண்டிருந்தார்கள். எல்லோர் நெற்றியிலும் பளிச்சென்று திருமண். நாய் அவரைப் பார்த்துவிட்டது. சுருக்கு இறுக்கிக்கொண்டிருக்கும்போதே வாலை ஆட்டிற்று.

"என்ன ஸ்வாமி, தேவரீர் திருநாமம் நாய் ஜாபிதாவிலயா?" என்றார் கோஷ்டியில் ஒருவர். இன்னொருவர் சிரித்தார்.

"சாமி, நீங்கதானுங்களா இது? உங்க நாயிதானுங்களா?" என்று மேஸ்திரி மரியாதையாகக் கேட்டார்.

நான் அதுவரை மாமனார் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. அன்று பேசினேன். "அப்பா, ஆமான்னு சொல்லுங்கோ. ஒரு வார்த்தை போறும். உங்க கால்ல விழறேன்."

அவர் நாயைப் பார்த்தார். ஜாபிதாவைப் பார்த்தார். கூட வந்தவர்களைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"வேற யாரோ. இந்தப் பேர்ல இந்த ஊர்ல எத்தனையோ பேர் இருக்கா" என்று சொல்லிவிட்டு நடந்தார். கோஷ்டியும் அவரோடு நகர்ந்தது.

மேஸ்திரி உடனே ஒன்றும் செய்யவில்லை. மாமனார் திரும்பிப் பார்ப்பாரோ என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு, "நான் என்னம்மா பண்ணட்டும்?" என்று வில்லையை என்னிடமே கொடுத்தார். நான் கழியைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். ஆட்கள் என் மேல் கை படாமல் கழியை மட்டும் ஜாக்கிரதையாக விடுவித்துக்கொண்டார்கள். நாயைப் பெட்டியில் போட்டு மூடினார்கள். கொள்ளிடக்கரையில் வைத்துத்தான் கொல்வார்களாம், தெருவில் இல்லையாம். அதையும் மேஸ்திரி ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்குள் நான் நுழையும்போது கிணற்றடியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மாமனார் வேஷ்டியோடு நின்று தலைமேல் வாளி வாளியாகக் கொட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மாமியார் ஒன்றும் புரியாமல் நின்றார். ஆபீஸுக்குக் கிளம்பி நின்ற என் அகத்துக்காரரும் சத்தம் கேட்டு வந்திருந்தார்.

"காலம்பறதானே ஸ்நானம் ஆச்சு? நாய் மேல பட்டுடுத்தா?" என்றார் மாமியார்.

"படலை."

"பின்னே எதுக்கு?"

அவர் தலையைக்கூடத் துவட்டிக்கொள்ளவில்லை. "இன்னிக்கு எனக்குத் தளிகை பண்ண வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். எங்களுக்கு அது போதும். பங்காளி யாராவது போய்விட்ட சேதி வந்தால் இப்படித்தான், உடுத்திய துணியோடு முழுகிவிட்டு, அன்றைக்குப் பட்டினி கிடப்பார். மாமியார் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு துவைகல்லில் உட்கார்ந்துவிட்டார். என் அகத்துக்காரர் தரையைப் பார்த்தார்.

எனக்கு இரக்கம் வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. தெருவில் பேசின வாய், இனி எனக்குக் கதவும் கிடையாது, தூதும் கிடையாது.

"அது இன்னும் உயிரோடதான் இருக்கு" என்றேன். "வண்டி வடக்கு வாசலைக்கூடத் தாண்டியிருக்காது. இப்போ ஓடினாலும் பிடிச்சுடலாம். அந்த மேஸ்திரி உங்க வாய் வார்த்தைக்குத்தான் காத்துண்டிருந்தார்."

அவருக்கு நன்றாகக் கேட்டது. என் முகத்தை நேராகப் பார்த்தார். பிறகு திரும்பிக்கொண்டு, கயிற்றை விட்டு, இன்னொரு வாளி இறைத்தார்.